விழுங்காத ஒரு வாய்

நான் லண்டனில் துப்பிச் சம்பாதிக்கிறவன். பகிடிக்குச் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக, கிழமையில் ஐந்து நாள், ஒவ்வொரு வாயாக வைனை எடுத்துச் சுழற்றி, நாக்கின் அடியிலும் கடைவாயிலும் ஓடவிட்டு, பிறகு மரத்தூள் போட்ட வாளிக்குள் துப்புவதுதான் என்னுடைய உத்தியோகம். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது போத்தல் வரும். விழுங்கத் தொடங்கினால் பத்தாவது போத்தலோடு நாக்குக்கு மிளகாய்த்தூளும் சீனியும் ஒன்றாகிவிடும். அதனால் விழுங்குவதில்லை. ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை.

இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டை நாய்கூடப் படாது.

எண்பத்துநான்கில் லண்டனுக்கு வந்தேன். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே, வைன் இறக்குமதி செய்கிற ஒரு கம்பனியின் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது. முதலாளி பெல்லமி என்கிற வெள்ளைக்காரன். எண்பத்தெட்டில் ஒரு நாள், கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பெரிய மனிதர்கள் ருசி பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போன ஒரு போத்தலை ஊற்றிவிட எடுத்துக்கொண்டு போனேன். மூக்கில் அடித்தது. "சேர், இதில் ஈரச் சாக்கு மணக்கிறது" என்றேன். பெல்லமி திரும்ப எடுத்து மணந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. தக்கை கெட்டால் வைனுக்கு அந்த மணம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆறு வருஷம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவனுக்கு ஈரச் சாக்கின் மணம் தெரியாமல் இருக்குமா? அடுத்த திங்கட்கிழமை என்னைப் பெட்டி தூக்குவதிலிருந்து எடுத்து ருசி பார்க்கிற அறைக்குள் விட்டார்.

வாளியில் துப்பினாலும் உடுப்பில் மணம் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய நேரே நோர்தேர்ன் லைன் ரயில் பிடித்து ஆர்ச்வேயில் இறங்கி முருகன் கோயிலுக்குப் போவேன். அதுதான் நான் செய்த முதல் மடைத்தனம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போயிருக்கலாம். பூசை முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்கிற அவசரத்தில் அப்படியே போய் நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். என்னுடைய பெயர் அம்பலவாணன். லண்டன் தமிழ் ஆட்களுக்கு நான் போத்தல் அம்பலம்.

"நான் குடிக்கிறேல்லை, துப்புறனான்" என்று சொல்வேன். கேட்கிறவன் தோளில் தட்டி, "ஓமோம், நாங்களும் அப்பிடித்தான்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்கிறது?

பெயர் எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தொண்ணூற்றொன்றில் என் தங்கச்சி பாலாம்பிகை கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாள். எனக்கு மனைவி பிள்ளை இல்லை. அவளைவிட்டால் வேறு ஆளும் இல்லை. கிங்ஸ்பரியில் இரண்டு அறை உள்ள ஒரு பிளாட்டில் இருந்தோம். அவள் கவுன்சில் நூலகத்தில் பகுதி நேரமாகப் புத்தகங்களுக்குத் திகதி குத்துகிற வேலை செய்தாள். வரும்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவளைக் கரைசேர்க்கவேண்டிய பொறுப்பு என்னுடையது. மூன்று சம்பந்தங்கள் வந்தன. மூன்றும் விசாரிக்கப் போன இடத்தில் நின்றுவிட்டன. "தமையனுக்கு வேலையே குடிதானாம்" என்று யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவார். விசாரிக்கிறதில் எங்கள் ஆட்களை ஸ்கொட்லண்ட் யார்டும் வெல்ல ஏலாது.

அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம், "என்ர அண்ணை குடிக்கிறேல்லை, அவர் ருசி பாத்துத் துப்புறவர்" என்று மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். அதுவும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இந்த நேரத்தில்தான் அந்த மலை வைன் வந்தது.

தொண்ணூற்றுமூன்று மாசி மாதம். ஸ்பெயினில் அரகோன் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து, கையால் எழுதி ஒட்டிய துண்டோடு ஒரு சாம்பிள் போத்தல். அந்த மாகாணத்துச் சிவப்பு வைனை அப்போது ஒருவரும் மதிப்பதில்லை. மற்ற வைன்களுக்கு நிறமும் வெறியும் ஏற்றுவதற்குக் கலக்கிற சாமான் அது. நானும் அந்த எண்ணத்தோடுதான் வாயில் வைத்தேன். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். முதலில் நாவற்பழத்தின் துவர்ப்பு. அதற்குப் பின்னால் வெயிலில் காய்ந்த கல்லில் மழை விழுகிற மணம். துப்பி முடிந்து ஒரு நிமிஷத்துக்குப் பிறகும் மிளகு மாதிரி ஒரு சூடு அடிநாக்கில் நின்றது. பெல்லமியிடம் ஓடினேன். இரண்டு மாதம் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு அவர் அந்த மலைக்குப் போனார்.

யாழ்ப்பாணத்தில் திராட்சையைப் பந்தல் போட்டுப் படரவிடுவோம். அங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. மூவாயிரம் அடி உயரத்தில், சிவந்த கல்லுக்கு நடுவில், முழங்காலளவு உயரமான கறுத்த கட்டைகள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் குந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்பது, தொண்ணூறு வயது. பகலில் தோலை உரிக்கிற வெயில். பொழுதுபட்டால் கம்பளி போடவேண்டிய குளிர். அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் கட்டிக் காக்கிறது என்று தோட்டக்காரன் சொன்னான். ஒரு கட்டையிலிருந்து ஒரு போத்தல் வந்தால் பெரிய காரியம். லாபமில்லாத கொடிகளைப் பிடுங்குகிறவர்களுக்கு ஐரோப்பா காசு கொடுத்த காலம் அது. மலையின் ஒரு பக்கம் முழுவதும் பிடுங்கிய குழிகள். மிச்சத்தையும் அடுத்த வருஷம் பிடுங்கத் தீர்மானித்திருந்தார்கள்.

பெல்லமிக்கு அவ்வளவு விருப்பமில்லை. இருநூறு பெட்டி போதும் என்றார். முதலாளியோடு நான் வாழ்க்கையில் சண்டை பிடித்தது அன்றைக்குத்தான். மலையை விட்டு இறங்குகிற வழியெல்லாம் காருக்குள் கத்தினேன். கடைசியில் முழு அறுவடையையும் எடுத்தோம். கொடி பிடுங்குவது நின்றது. போத்தலில் என் பெயர் இல்லை, இருக்கவேண்டியதும் இல்லை. ஆனால் அந்த வைன் என்னுடையது என்கிற எண்ணம் எனக்குள் வந்து குந்திவிட்டது. அதைப் பற்றி யாராவது ஒரு சொல் கேட்டால் நான் ஒரு மணித்தியாலம் பேசுவேன். என் தங்கச்சியைப் பற்றிப் பேசச் சொன்னால், "நல்ல பிள்ளை, நல்லாச் சமைப்பாள்" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது.

தொண்ணூற்றைந்தில், ஆர்ச்வே கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சோறு பரிமாறப் போன இடத்தில் பாலாம்பிகை குகதாசனைச் சந்தித்தாள். அவன் தபால் பிரிக்கிற கந்தோரில் வேலை செய்கிறவன், முப்பத்தாறு வயது, அமைதியான ஆள். தகப்பன் சிவானந்தன் ஸ்ட்ரெதமில் இரண்டு சாராயக்கடைக்குச் சொந்தக்காரர். சனிக்கிழமைகளில் ரெலிபோன் மணி அடித்தால் பாலாம்பிகை வயரை இழுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். முப்பத்துமூன்று வயதில் என் தங்கச்சி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சட்டி கழுவியதைக் கண்டேன். எனக்குக் கண் கலங்கியது.

கலியாணப் பேச்சுக்காலுக்குப் பாலேந்திரா அண்ணையைப் பிடித்தேன். அவர் பெற்றோல் ஷெட்டில் வேலை. இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவர். சிவானந்தனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் விஸ்கி குடிக்கிறவர். சாதகக் குறிப்புப் பொருந்தியது. என்னைப் பற்றிய கதையும் அவர்களுக்குப் போயிருந்தது.

"அதைப் பற்றி யோசியாதையும்" என்றார் பாலேந்திரா அண்ணை. "சிவானந்தண்ணை சிரிச்சவர். சாராயம் வித்துச் சாப்பிடுற எனக்குக் குடிக்கிற சம்பந்தி குறைச்சலோ எண்டு கேட்டவர்."

"நான் குடிக்கிறேல்லை எண்டு சொல்லேல்லையோ நீங்கள்?"

"சொல்லி என்னத்துக்கு? அவர்தான் ஓம் எண்டிட்டாரே."

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு வரச் சொன்னார்கள். நானும் பாலேந்திரா அண்ணையும் போவது என்று முடிவு. வெளிக்கிடும்போது பாலாம்பிகை என் கோட்டைத் தட்டிவிட்டாள். புதுச் சீலை உடுத்திக்கொண்டு நின்றாள். அவள் வரப்போவதில்லை, ஆனாலும் உடுத்தியிருந்தாள்.

"அண்ணை, வைன் கதை கதைக்காதேங்கோ. ரெண்டு சொல்லுக் கதைச்சிட்டு, சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டிட்டு வாங்கோ. எனக்கு இது சரிவந்தால் காணும்."

"சரி பிள்ளை" என்றேன். வாழைப்பழமும் கேக்கும் கொண்டுபோகிற பையின் அடியில் அந்த மலை வைனில் ஒரு போத்தல் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. சாராயக்கடைக்காரர் அல்லவா, தொழில் தெரிந்தவர், இதன் அருமை விளங்கும் என்று நினைத்தேன். நான் குடிகாரன் இல்லை, இந்தத் தொழிலில் ஒரு ஆள் என்பதும் விளங்கும் என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.

ஸ்ட்ரெதமில் அந்த வீட்டு முன்னறையில் கண்ணாடி அலுமாரி, அதற்குள் வெளிநாட்டுப் பொம்மைகள், சுவரில் முருகன். சிவானந்தன் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மனைவி கமலாம்பிகை வந்து கும்பிட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். குகதாசன் மூலைக் கதிரையில் கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தான். ஊர்க்கதை, வேலைக்கதை, கார்க்கதை எல்லாம் நடந்தது. தங்கச்சியைப் பற்றிக் கேட்டதற்கு, வழக்கம் போல நல்ல பிள்ளை, வடிவாச் சமைப்பாள் என்றேன். குசினியிலிருந்து தாளிக்கிற மணம் வந்தது. பாலேந்திரா அண்ணை என் காதுக்குள், "அரிசி களையினம். காரியம் சரி" என்றார்.

எங்கள் ஆட்களிடம் அது ஒரு கணக்கு. பேச்சுக்கால் போன வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். சம்பந்தம் சரி என்று இரண்டு பக்கமும் மனதுக்குள் முடிவெடுத்தால்தான் சோற்றில் கைநனைப்பது. சோறு போட்டால் ஓம் என்று அர்த்தம். என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினேன்.

"இதென்ன தம்பி?"

அவ்வளவுதான். தொடங்கிவிட்டேன். மலை, உயரம், தொண்ணூறு வயதுக் கட்டைகள், பகல் வெயில், இராக் குளிர், பிடுங்கிய குழிகள். பாலேந்திரா அண்ணை இரண்டு தரம் காலால் இடித்தார். நான் நிறுத்தவில்லை. சிவானந்தன் பொறுமையாகக் கேட்டார். குகதாசன்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான்.

"கதையைக் கேட்கவே வாய் ஊறுது" என்றார் சிவானந்தன். "கமலம், தக்கை கழட்டிறதைக் கொண்டா. சாப்பாட்டுக்கு முதல் சம்பந்திமாரெல்லாம் ஒரு வாய் குடிப்பம்."

சம்பந்திமார் என்றார். என் காதால் கேட்டேன்.

வைன் கிளாஸ் அந்த வீட்டில் இல்லை. நாலு எவர்சில்வர் பேணிகளில் ஊற்றினார். குகதாசன் பேணியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "மணம் வடிவா இருக்கு" என்றான். தகப்பன் திரும்பிப் பார்த்தார். பேணியை மேசையில் வைத்துவிட்டான். சிவானந்தனும் பாலேந்திரா அண்ணையும் அண்ணாந்து ஒரே இழுவையில் விழுங்கினார்கள். நானும் வாயில் எடுத்தேன்.

எடுத்தால், ஏழு வருஷப் பழக்கம், வாய் தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. காற்றை உறிஞ்சினேன், வைன் வாய்க்குள் களகளவென்று சத்தம் போட்டது. கன்னம் உப்பச் சுழற்றினேன். கண்ணை மூடினேன். பிறகு துப்ப வேண்டும். கண்ணைத் திறந்தேன், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளி இல்லை. எழும்பிக் குசினிக்குள் ஓடினேன்.

சிங்கில் துப்பினேன். குனிந்து, கவனமாக, ஒரு மூலையில்தான் துப்பினேன். ஆனால் சிங்குக்குள், கமலாம்பிகை களைந்து தண்ணி வடிய வைத்த அரிசிச் சட்டி இருந்தது. வெள்ளை அரிசியில் நாலைந்து சிவப்புத் துளி.

அவர் என்னைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய், காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத்தொட்டிக்குள் அவ்வளவு அரிசியையும் கொட்டினார். பிறகு அடுப்பை நிற்பாட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடுப்பையும்.

"மன்னிக்கவேணும் அம்மா, இது எங்கட தொழில் முறை" என்றேன். வாயோரத்தில் வைன் வழிந்தது. கையால் துடைத்தேன். அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு சிங்கைத் தேய்க்கத் தொடங்கினார்.

முன்னறைக்குத் திரும்பினால் பெரிய சிரிப்பு போய்விட்டது. சிவானந்தன் பேணிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் குடிக்கிறேல்லை" என்றேன். "குடிகாரன் எண்டு நீங்கள் நினைச்சுப்போடக் கூடாதெண்டுதான்..."

"தம்பி, நீங்கள் குடிக்கிற ஆள் எண்டு கேள்விப்பட்டுத்தான் நான் ஓம் எண்டனான்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "குடிக்கிறவனோட இருந்து நாலு கதை கதைக்கலாம், சண்டை பிடிச்சாலும் அடுத்த ஞாயிறு சேரலாம். எங்களில ஆர் குடிக்காதவன்? நீங்களும் விழுங்கியிருந்தா இந்நேரம் சாப்பாட்டில இருந்திருப்பம்."

"ஐயா, வைனிலை பிழையில்லை..."

"பிழையில்லாத சாமானை ஏன் துப்பினியள்? அரை மணித்தியாலம் நீங்களே புகழ்ந்தியள். என்னையும் குடிக்க வைச்சியள். பிறகு என்ர வீட்டுக் குசினிக்கை, என்ர மனிசி உலை வைக்கிற அரிசியிலை, நீங்களே துப்பிப்போட்டு வாறியள். இப்ப உங்கட தங்கச்சி நல்ல பிள்ளை, வடிவாச் சமைப்பாள் எண்டு சொல்லுறியள். அதை நான் எப்பிடித் தம்பி எடுக்கிறது?"

வாயோரத்தை இன்னொரு தரம் துடைத்தேன். வைனைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசத் தெரிந்த வாய். பாலேந்திரா அண்ணை என்னவோ சமாளித்தார். குகதாசன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் எழும்பி மேல்மாடிக்குப் போனான். கமலாம்பிகை ஒரு தட்டில் பிஸ்கற் கொண்டுவந்து வைத்தார். சோறு இல்லை, பிஸ்கற். நாங்கள் எழும்பினோம்.

வெளியே வந்ததும் பாலேந்திரா அண்ணை, "விசரா, ஒரு மிடறு! ஒரே ஒரு மிடறு! தொண்டைக்குள்ளை போனா என்ன செத்தே போயிருப்பீர்?" என்று கத்திவிட்டு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

விக்ரோரியா வரை ரயில், அங்கிருந்து ட்யூப், கிறீன் பார்க்கில் மாறி கிங்ஸ்பரி. ஒன்றரை மணித்தியாலம் எனக்கு யோசிக்க இருந்தது. நான் யோசித்ததெல்லாம் என்ன பொய் சொல்வது என்பதுதான்.

பாலாம்பிகை அந்தப் புதுச் சீலையோடே இருந்தாள். ரெலிபோன் அவள் மடியில் இருந்தது.

"குறிப்பு பொருந்தேல்லையாம் பிள்ளை" என்றேன். "திரும்ப ஒருக்கா ஆரிட்டையோ காட்டினவையாம். ஏழரைச் சனி எண்டு..."

"குறிப்பு போன மாசமே பொருந்தீட்டுது, அண்ணை." ரெலிபோனைத் தூக்கித் தரையில் வைத்தாள். "அவர் ரெலிபோன் அடிச்சவர். எல்லாம் சொன்னவர். தாய் தகப்பனை மீறித் தன்னால ஒண்டும் ஏலாதாம். மன்னிக்கட்டாம்."

நான் கோட்டைக் கழற்றாமல் நின்றேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. வாய்க்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"நாலு வருஷமாக் கோயில்ல, கடையில, பஸ்ஸுக்கை, எல்லா இடமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். என்ர அண்ணை குடிக்கிறேல்லை, துப்புறவர் எண்டு. ஒரு சனம் நம்பேல்லை. இண்டைக்குத்தான் அண்ணை நம்பியிருக்கினம்."

"பிள்ளை..."

"அந்த வைன் நல்லதோ?"

"நல்லது."

"பழுதாப் போகேல்லையே?"

"இல்லை பிள்ளை. நல்லா இருந்தது."

"பிறகேன் விழுங்கேல்லை?"

"உனக்காகத்தான்" என்றேன். "தமையன் குடிகாரன் எண்டு அவை நினைச்சிட்டா உன்ர வாழ்க்கை என்னாகிறதெண்டுதான்..."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். நான் ஒரு போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது போல, அவ்வளவு நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்காக எண்டா விழுங்கியிருப்பியள்" என்றாள்.

பிறகு எழும்பிப் போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "அங்கை சாப்பாடு தந்திருக்க மாட்டினம்" என்று சொல்லிச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். வெட்கம் இல்லாமல், பசியோடு, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதோடு சம்பந்தம் பார்ப்பது நின்றது. நான் பார்க்கவில்லை என்றில்லை; அவள் விடவில்லை. "இனி எனக்காக ஒண்டும் செய்யாதேங்கோ" என்று ஒரு நாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள், சீனி காணுமோ என்று கேட்கிற அதே குரலில். குகதாசனுக்கு அடுத்த வருஷமே கனடாவிலிருந்து பெண் எடுத்தார்கள். இப்போது தொண்ணூற்றொன்பது. பாலாம்பிகைக்கு முப்பத்தேழு வயது. அதே நூலகத்தில் முழுநேரமாகத் திகதி குத்துகிறாள். சனிக்கிழமைகளில் ரெலிபோன் தன் இடத்திலேயே இருக்கிறது. என்னோடு அவளுக்குக் கோபமில்லை. காலையில் சாப்பாட்டுப் பெட்டி கட்டித் தருகிறாள், காய்ச்சல் என்றால் ரசம் வைக்கிறாள். கோபித்தால் எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம்.

மலை வைன் பெரிய இடங்களுக்குப் போய்விட்டது. பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், பழைய கொடி, உயரமான மலை என்று. நான் பேசிய அதே பேச்சு. அந்தக் கொடிகளைக் காப்பாற்றியவன் என்று பெல்லமி வருகிறவர்களிடம் என்னைக் காட்டுகிறார். அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஆர்ச்வேயில் நான் இன்னும் போத்தல் அம்பலம்தான். அதற்குப் பிறகும் நான் ஒரு சொட்டு விழுங்கியதில்லை.

நாலு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்காகத்தான் துப்பினேன் என்று அவளிடம் சொன்னது பொய். சிவானந்தனிடம் சொன்னதும் பொய். குடிகாரன் என்று நினைத்துவிடுவார்கள் என்கிற பயமெல்லாம் துப்பி முடிந்த பிறகு, அரிசியைக் கண்ட பிறகு வந்த பயம். வாயில் அந்த வைன் இருந்த நேரம் நான் யோசித்தது வேறு. எவர்சில்வர் பேணி மணத்தைக் கொன்றுவிட்டதா, இல்லை. ட்யூபில் குலுங்கியது கெடுத்துவிட்டதா, இல்லை. போன வருஷத்தைவிடத் துவர்ப்பு அடங்கியிருக்கிறது, இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக வைத்திருக்கலாம். அதைத்தான் யோசித்தேன். கண்ணை மூடியிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அந்த வீட்டுக்கு எதற்காக வந்தேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்பதும் மறந்துபோயிருந்தது.